ஸ்பூன் ஆண், ஃபோர்க் பெண், கத்தி இரண்டுமில்லை

ஜெர்மன் வகுப்பில் முதல் வாரமே சாப்பாட்டு மேசை வந்துவிடும். ஆசிரியர் ஸ்பூனை எடுத்துக் காட்டி ‘டேர் லொஃபெல்’ என்பார். ஃபோர்க்கைக் காட்டி ‘டீ காபெல்’ என்பார். கத்திக்கு ‘டஸ் மெஸ்ஸர்’. ஒரே கடையில், ஒரே பெட்டியில் வாங்கிய மூன்று சாமான்கள். ஒன்று ஆண்பால், ஒன்று பெண்பால், இன்னொன்று இரண்டிலும் சேராத மூன்றாம் வகை. அந்த மூன்றாவதை இங்கே நடுப்பால் என்று வைத்துக்கொள்வோம். டேர், டீ, டஸ் என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொற்கள்தான் ஆர்ட்டிகிள்கள். நடுவில் உள்ளதன் உச்சரிப்பு நம் டீக்கடை டீ அல்ல, ஆங்கில எழுத்து D.

தமிழ்நாட்டில் இன்று இந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் செவிலியர் உண்டு, பொறியாளர் உண்டு, மேற்படிப்புக்குக் காத்திருக்கும் மாணவர் உண்டு. மாக்ஸ் முல்லர் பவன் என்று அழைக்கப்படும் சென்னை கோத்தே இன்ஸ்டிடியூட்டில் தொடங்கி சிறு ஊர்களின் தனியார் பயிற்சி மையங்கள் வரை வகுப்புகள் நடக்கின்றன. ஜெர்மனியிலேயே இந்த மொழியோடு மல்லுக்கட்டிய தமிழர்களும் நிறையப் பேர். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி அங்கே போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்கள் பலர், வளர்ந்த வயதில், வேலைக்கு நடுவே இதைக் கற்றார்கள். ஹாம் நகரத்தில் 2002இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் தேருக்கு வரும் குடும்பங்களில், பெற்றோர் தடுமாறிய டேர், டீ, டஸ் பிள்ளைகளின் வாயில் யோசிக்காமலே வருகிறது.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஸ்பூன் எப்படி ஆணாகும்?

தமிழ்க் காதுக்கு இது நியாயமான கேள்வி. நம் இலக்கணம் முதலில் திணை பார்க்கிறது. மனிதர், தேவர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. உயர்திணைக்குள்தான் ஆண்பால், பெண்பால், பலர்பால். பொருள் எதுவென்று தெரிந்தால் பால் தெரிந்துவிடும். மேசைக்கும் மழைக்கும் மாம்பழத்துக்கும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஜெர்மனில் அப்படி இல்லை. அங்கே பால் என்பது பொருளின் குணமல்ல, சொல்லின் குணம். சொல் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் முத்திரை அது. இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் பழைய சொத்து. சமஸ்கிருதத்திலும் அதே மூன்று பால்கள் உண்டு. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இருந்தது, இடைக்காலத்தில் உதிர்ந்துபோனது. ஜெர்மன் விடாமல் வைத்துக்கொண்டது.

இதில் எல்லோரையும் திடுக்கிட வைக்கும் சொல் ‘மேட்ஷென்’, அதாவது சிறுமி. பெண்ணைக் குறிக்கும் சொல் நடுப்பாலில் நிற்கிறது: டஸ் மேட்ஷென். 1878இல் ஹைடல்பெர்க் நகரில் தங்கியிருந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், 1880இல் வந்த தன் பயணநூலின் பின்னிணைப்பில் இதைப் பெரிய குறையாகவே எழுதினார். டர்னிப் கிழங்குக்குப் பெண்பால் இருக்கிறது, சிறுமிக்கு இல்லையே என்பது அவர் ஆற்றாமை. காரணம் எளிது. ‘ஷென்’ என்பது எதையும் சின்னதாக்கும் பின்னொட்டு. பழைய ‘மக்ட்’ என்ற சொல்லோடு அது சேர்ந்து பிறந்ததுதான் மேட்ஷென். இந்த ஒட்டு எதன் வாலில் ஏறினாலும் அந்தச் சொல் நடுப்பாலாகிவிடும். அதனால்தான் கிரிம் சகோதரர்களின் கதைகளில் வரும் சிவப்புத் தொப்பிச் சிறுமி ரோட்கெப்ஷெனும் இலக்கணப்படி நடுப்பால்.

ட்வைனுக்கு விசித்திரமாகப் பட்டது தமிழருக்கு அவ்வளவு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. ‘அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குது’, ‘பாப்பா தூங்குது’, ‘மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு, பொண்ணு இன்னும் வரல, அது கெளம்பிட்டு இருக்கு’. தெருவில் தினமும் கேட்கும் பேச்சு. சிறுமையும் செல்லமும் சேரும் இடத்தில் நாமும் உயர்திணையை விட்டுவிட்டு அஃறிணை வினை போடுகிறோம். ‘குழந்தை அழுகிறது’ என்று எழுத்திலேயே எழுதுகிறோம். ஜெர்மனிலும் குழந்தை டஸ் கின்ட்தான். சொல்லின் இலக்கணம் வேறு, சொல் குறிக்கும் ஆளின் பால் வேறு என்பதை இந்த இரண்டு உதாரணங்களை வைத்தே ஒரு தமிழ் மாணவருக்குப் புரியவைத்துவிடலாம். வகுப்பில் இதை யாராவது எடுத்துச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

அப்படியானால் எல்லாம் கண்ணை மூடிய மனப்பாடம்தானா? இல்லை. டூடன் அகராதியின் கணக்குப்படி ஜெர்மன் பெயர்ச்சொற்களில் ஏறக்குறைய 46 சதவீதம் பெண்பால், 34 சதவீதம் ஆண்பால், 20 சதவீதம் நடுப்பால். ஒன்றுமே தெரியாதபோது ‘டீ’ என்று சொன்னால் இரண்டில் ஒரு தடவை சரியாக வந்துவிடலாம். ஆனால் அதைவிட நல்ல துணை சொல்லின் வால்தான். ‘உங்’ என்று முடியும் ட்ஸைட்டுங் (செய்தித்தாள்), வோனுங் (குடியிருப்பு) போன்றவை பெண்பால். ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’, ‘ட்ஸியோன்’, ‘டேட்’ என்று முடிபவையும் அப்படியே. ‘லிங்’, ‘இஸ்முஸ்’ என்று முடிந்தால் ஆண்பால். ‘ஷென்’, ‘லைன்’ என்றால் நடுப்பால். இவற்றை நம்பிப் போகலாம், ஏமாற்றாது. ‘எ’ என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் பெண்பால்: லம்பெ (விளக்கு), ஷ்ட்ராஸெ (தெரு), ப்லூமெ (பூ). இங்கே மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பாலாடைக்கட்டியான கேஸெ ஆண்பால், கண்ணான அவுகெ நடுப்பால்.

பொருளைப் பார்த்துச் சொல்லக்கூடியவையும் உண்டு. கிழமைகள், மாதங்கள், பருவங்கள் எல்லாம் ஆண்பால். மழை, பனி, காற்று ஆண்பால். வினைச்சொல்லை அப்படியே பெயராக்கினால், சாப்பிடுதல், வாழ்தல் என்பதுபோல், நடுப்பால். சூரியன் மட்டும் நம் கற்பனையைத் தலைகீழாகப் புரட்டிவிடும். நமக்குச் சூரியன் ‘அன்’ விகுதி பெற்ற சொல். நிலாவைப் பெண்ணாக்கிப் பாடுவதும் நமக்குப் பழக்கம். ஜெர்மனில் சூரியன் பெண்பால்: டீ ஸொன்னெ. நிலா ஆண்பால்: டேர் மோன்ட்.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் இலக்கணத்தை வரலாற்று முறையில் ஆராய்ந்த யாக்கோப் கிரிம், உயிரற்றவற்றுக்கும் ஆண் தன்மை, பெண் தன்மையைப் பழங்கால மனிதர் கற்பனையில் ஏற்றியதால் வந்ததே இந்தப் பால் பிரிவு என்று நம்பினார். 1980களில் க்லவுஸ் மிஷாயேல் கொப்கெ, டேவிட் ஸூபின் என்ற இரு மொழியியலாளர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பொருளை விட்டுவிட்டு ஓசையைக் கவனித்தார்கள். ஓரசைச் சொற்களில்கூட ஒழுங்கு தென்பட்டது. ‘க்ன்’ என்று தொடங்கும் ஓரசைச் சொற்களை எடுத்துக்கொண்டால் பொத்தான் (க்னொப்ஃப்), வெடிச்சத்தம் (க்னல்), வேலையாள் (க்னெஷ்ட்) எல்லாம் ஆண்பால். முழங்கால் (க்னீ) மட்டும் விலகி நடுப்பாலில் நிற்கும். ‘ஹ்ட்’ என்று முடியும் இரவு (நஹ்ட்), அதிகாரம் (மஹ்ட்) போன்றவை பெண்பால் பக்கம் சாயும். ஜெர்மன் குழந்தைக்கு யாரும் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆயிரம் தடவை கேட்ட காது தானாகக் கண்டுகொள்கிறது. வெளியே இருந்து கற்பவருக்குக் குறைவது அறிவல்ல, அந்த ஆயிரம் தடவை.

அதனால்தான் அனுபவமுள்ள ஆசிரியர்கள் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள். நோட்டில் வெறும் ‘டிஷ்’ (மேசை) என்று எழுதக்கூடாது, ‘டேர் டிஷ்’ என்றே எழுத வேண்டும். ஆர்ட்டிகிள் சொல்லுக்கு முன்னால் வரும் துணை அல்ல, சொல்லின் முதல் அசை என்று நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, நடுப்பாலுக்குப் பச்சை என்று மூன்று நிறப் பேனாவில் எழுதும் வழக்கமும் பரவலாக உண்டு. வீட்டில் கதவு, ஃப்ரிட்ஜ், சன்னல் எங்கும் நிறச் சீட்டு ஒட்டி வைப்பவர்களும் உண்டு.

கூட்டுச்சொல்லில் ஒரு சலுகை காத்திருக்கிறது. வீடு நடுப்பால், கதவு பெண்பால், சாவி ஆண்பால். மூன்றையும் ஒட்டினால் ‘ஹவுஸ்ட்யூர்ஷ்லுஸ்ஸெல்’. கடைசியில் வரும் சொல்லே முழுச் சொல்லின் பாலைத் தீர்மானிக்கும், எனவே ஆண்பால். நாமும் ‘வீட்டுக் கதவுச் சாவி’ என்று அதே வரிசையில்தான் அடுக்குகிறோம். அதுவும் கடைசியில் சாவிதான். நீளம் பார்த்து மலைக்கும் ஜெர்மன் சொற்களைத் தமிழர் வாலிலிருந்து படித்தால் பொருளும் பாலும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

பாலைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகிவிடும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, கேட்பவருக்குப் புரியும். சில சொற்களில் மட்டும் பொருளே மாறும். டேர் ஸே என்றால் ஏரி, டீ ஸே என்றால் கடல். டேர் லைட்டர் தலைமை வகிப்பவர், டீ லைட்டர் ஏணி. டஸ் ஷ்டோயர் வண்டியின் ஸ்டியரிங், டீ ஷ்டோயர் கட்ட வேண்டிய வரி. ஜெர்மன்காரர்களுக்குள்ளேயே ஒத்துவராத சொற்களும் உண்டு. வெண்ணெய் ஏட்டு மொழியில் பெண்பால், தெற்கே பேச்சில் ஆண்பால். மின்னஞ்சல் ஜெர்மனியில் பெரும்பாலும் டீ, ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் டஸ். ரொட்டியில் தடவும் நுட்டெல்லா டீயா டஸ்ஸா என்ற வாக்குவாதம் இன்றும் காலைச் சாப்பாட்டு மேசைகளில் நடக்கிறது.

பால் ஒரு பாதிதான். வேற்றுமை வந்ததும் ஆர்ட்டிகிள் உருமாறத் தொடங்கும். வகுப்பில் பலர் சோர்ந்துபோகும் இடம் இது. தமிழ் மாணவர் தெம்பாக நிமிர வேண்டிய இடமும் இதுவே.

ஆங்கிலத்தில் ‘நாய் மனிதனைக் கடித்தது’ என்ற வாக்கியத்தில் நாயையும் மனிதனையும் இடம் மாற்றினால் கடித்தது மனிதன் என்றாகிவிடும். தமிழில் ‘மனிதனை நாய் கடித்தது’ என்றாலும் கடித்தது நாய்தான். ‘ஐ’ உருபு காவல் நிற்கிறது. ஜெர்மனிலும் அப்படியே. ‘டேர் ஹுன்ட் பைஸ்ட் டேன் மன்’ என்றாலும் ‘டேன் மன் பைஸ்ட் டேர் ஹுன்ட்’ என்றாலும் கடிபட்டவன் மனிதனே. நாம் சொல்லின் வாலில் வைக்கும் உருபை அவர்கள் சொல்லின் தலையில், ஆர்ட்டிகிளுக்குள் வைக்கிறார்கள். டேர் என்பது டேன் ஆவது நம் ‘ஐ’. டேம் ஆவது நம் ‘கு’. டெஸ் ஆவது ‘உடைய’.

ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகள் வேற்றுமையைக் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள்: வேர், வெஸ்ஸென், வேம், வேன். யார், யாருடைய, யாருக்கு, யாரை. தமிழில் கேட்டாலும் அதே நான்கு விடை வரும். எண்ணிக்கை மட்டும் வேறு: நம் நான்காம் வேற்றுமை அவர்களுக்கு மூன்றாவது, நம் இரண்டாவது அவர்களுக்கு நான்காவது. ‘ஆல்’, ‘ஓடு’, ‘இலிருந்து’ போன்ற மற்ற உருபுகளின் வேலையை முன்னால் வரும் சிறு சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. நான்கு வேற்றுமை, மூன்று பால், பன்மை எல்லாம் சேர்த்து 16 கட்டங்கள் கொண்ட அட்டவணை. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 16 கட்டங்களிலும் புழங்குவது டேர், டீ, டஸ், டேன், டேம், டெஸ் என்ற ஆறே வடிவங்கள். ‘ஐ’ வேற்றுமையில் மாறுவது ஆண்பால் ஒருமை மட்டும். மற்றவை அப்படியே இருக்கும்.

எட்டு வேற்றுமைகளோடு பிறந்தவர்களுக்கு நான்கு பெரிதல்ல. இதே பாதையில் எதிர்த் திசையில் நடந்தவர் ஒருவர் இருந்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு தமிழைக் கற்று, அதற்கு ஓர் இலக்கண நூலை லத்தீனில் எழுதினார். 1716இல் ஜெர்மனியின் ஹாலெ நகரில் அது அச்சானது.

வேற்றுமைகளில் தமிழருக்கு மிக நெருக்கமானது ‘கு’. குளிர்காலத்தில் ஜெர்மனியில் ஆங்கிலம் வழியாக யோசிப்பவர் ‘இஷ் பின் கல்ட்’ என்று சொல்லிவிடுவார். அது ‘நான் உணர்ச்சியற்றவன்’ என்ற தொனியில் விழும். சரியானது ‘மீர் இஸ்ட் கல்ட்’. மீர் என்றால் ‘எனக்கு’. எனக்குக் குளிருது, அவ்வளவுதான். ‘மீர் இஸ்ட் லங்வைலிஷ்’ என்றால் எனக்கு போர் அடிக்குது. மீர் போட வேண்டிய இடத்தில் இஷ் போட்டால், ‘நான் ஒரு போர் ஆசாமி’ என்றாகிவிடும். ‘டஸ் பூஹ் கெஃபெல்ட் மீர்’, புத்தகம் எனக்குப் பிடிச்சிருக்கு. உனக்கு உதவுகிறேன், உனக்கு நன்றி சொல்கிறேன் என்னும்போதும் ஜெர்மன் ‘உனக்கு’ என்றே சொல்கிறது. உடலுக்கும் மனசுக்கும் நேர்வதை ‘நான்’ என்று எழுவாயாக நின்று சொல்லாமல் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நின்று சொல்லும் வழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. இத்தனை இருந்தும் நம் மாணவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலப் பாடநூலை வைத்து, ஆங்கில வாக்கியத்தை ஜெர்மனுக்கு மாற்றித்தான் பழகுகிறார்கள். கையில் சாவி இருக்கும்போது சுவர் ஏறிக் குதிப்பது போன்ற வீண் சிரமம் அது.

இடம் சொல்லும்போதும் உறவு தெரிகிறது. ‘இன்’ என்ற சொல்லுக்குப் பின் இரண்டு வேற்றுமைகள் வரலாம். ‘இஷ் கேயெ இன் டீ க்யூஷெ’: சமையலறைக்குப் போகிறேன். ‘இஷ் பின் இன் டேர் க்யூஷெ’: சமையலறையில் இருக்கிறேன். போகும் இடம் என்றால் ஒன்று, இருக்கும் இடம் என்றால் இன்னொன்று. நம் ‘க்கு’, ‘இல்’ வேறுபாடு அங்கே டீ, டேர் வேறுபாடாக வருகிறது. இப்படி இரட்டை வாழ்க்கை வாழும் முன்சொற்கள் ஒன்பது.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. ‘மேசைமேல் வைத்தேன்’, ‘மேசைமேல் இருக்கிறது’ இரண்டிலும் நமக்கு ‘மேல்’ ஒன்றே. ஜெர்மன் அங்கேயும் டேன், டேம் என்று பிரிக்கும். நாம் ‘உனக்கு போன் பண்றேன்’ என்போம். ஏட்டு ஜெர்மன் ‘உன்னை’ என்று சொல்லும். அவரைப் பின்தொடர்ந்தேன் என்பது நமக்கு ‘ஐ’, அவர்களுக்கு ‘கு’. பசி வந்தால் ‘எனக்கு’ இல்லை. ‘நான் பசியை வைத்திருக்கிறேன்’ என்பதுபோல் சொல்ல வேண்டும். இந்த விலகல்களைத் தனிப் பட்டியலாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பட்டியல் சின்னதுதான்.

‘ஒரு’வும் ‘அந்த’வும் எப்போது வரும் என்பது அடுத்த தலைவலி. தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் ‘புத்தகம் படித்தேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் எல்லோர் காதுக்கும் தெரியும். முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது நமக்குத் தெரிந்த, பேச்சில் வந்துபோன புத்தகம். முன்னது ‘ஐன் பூஹ்’, பின்னது ‘டஸ் பூஹ்’. ஆர்ட்டிகிள் செய்யும் வேலையை நம்மிடம் ஓர் உருபு இருப்பதும் இல்லாததும் செய்துகொண்டிருக்கிறது.

நம் ஆறாம் வேற்றுமைக்கு இணையான ‘உடைய’ வேற்றுமை ஜெர்மன் பேச்சில் மெல்ல மெல்லத் தேய்கிறது. ‘மழையின் காரணமாக’ என்று எழுத்தில் டெஸ் போடுபவர்கள் வாய்ப்பேச்சில் டேம் போட்டுவிடுகிறார்கள். ‘அப்பாவுக்கு அவரோட கார்’ என்பதுபோல், ‘கு’ வேற்றுமையை வைத்து உடைமை சொல்வது பேச்சு வழக்கு. 2004இல் பாஸ்டியான் ஸிக் என்ற எழுத்தாளர் இந்தப் பேச்சு வழக்கையே தன் புத்தகத் தலைப்பாக வைத்தார். ஆறாம் வேற்றுமையின் மரணத்துக்கு ‘கு’ வேற்றுமை காரணம் என்று சொல்லும் அந்தத் தலைப்பே அந்த வழக்கில் அமைந்தது. புத்தகம் நன்றாக விற்றது. தங்கள் இலக்கணத்தைப் பற்றி ஜெர்மன்காரர்களும் கவலைப்படுகிறார்கள்.

செவிலியராக ஜெர்மனியில் அங்கீகாரம் பெறப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்ச்சி கேட்கிறார்கள். அந்த நிலைக்குப் படிக்கும் ஒருவர் தினமும் பழகும் வாக்கியங்களில் இது ஒன்று: ‘டூட் ஈனென் டேர் ருக்கென் வே?’ உங்களுக்கு முதுகு வலிக்குதா? படுக்கையில் இருக்கும் முதியவர் ‘மீர் டூட் டேர் கொப்ஃப் வே’ என்பார்: எனக்குத் தலை வலிக்குது. ‘மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்’ என்பார்: எனக்குத் தலை சுத்துது. ஆங்கிலத்தின் ‘நான் தலைவலி வைத்திருக்கிறேன்’ என்ற அமைப்பு இந்த வாக்கியங்களில் இல்லை. வலிக்கும் உறுப்பு எழுவாய், வலி படும் ஆளுக்கு ‘கு’. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டதுதான், வேறு ஓசையில்.

வாக்கியம் வந்துவிட்டது, மிச்சம் இருப்பது உறுப்புகளின் பால். விடுதி அறைச் சுவரில் ஒட்டிய மனித உடல் படத்தில் அவர் மூன்று நிறப் பேனாவால் எழுதி வைத்திருப்பார். தலை, கை, வயிறு, முதுகு நீலத்தில். உள்ளங்கை, மூக்கு, தோள் சிவப்பில். கண், காது, கால், முழங்கால் பச்சையில். பல் துலக்கும்போது ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை, தலையிலிருந்து பாதம் வரை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்: டேர் கொப்ஃப், டஸ் அவுகெ, டீ நாஸெ, டஸ் ஓர்.